பூங்கா மனைக்குக் கவாத்து

எங்கள் தெருக்கோடியில் ‘பூங்காவுக்கு ஒதுக்கப்பட்ட இடம்’ என்று எழுதிய கல்லை நட்டார்கள். பூங்காவை நடவில்லை. ஊஞ்சல் வரும், சறுக்கு மரம் வரும், நடக்கப் பாதை வரும் என்று சொல்லித்தான் அந்தக் காலத்தில் எங்கள் தலையில் மனையைக் கட்டியிருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காததால் மரங்கள் வந்தன. பக்கத்திலேயே ஓடை. பறவை போட்ட விதையோ, வெள்ளம் ஒதுக்கிய விதையோ, புங்கையும் வேம்பும் நாவலும் வாகையும் தாமாகவே முளைத்தன. என் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போவதற்குள் அது தோப்பாகிவிட்டது. உச்சி வெயிலிலும் உள்ளே அரையிருட்டாக இருக்கும். தெருக்காரர்கள் அதைக் ‘காடு’ என்பார்கள். பாம்பு வரும் என்று பிள்ளைகளை விரட்டுவார்கள். எனக்கு அந்த இடம் பிடிக்கும். நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரித்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நிமிர்ந்து நிற்க ஓர் இடம் வேண்டுமில்லையா.

ஆனால் அந்தத் தோப்பு எனக்கு உயிரானது என் கணவர் மலையை விட்டு இறங்கி வந்த பிறகுதான்.

அவர் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் மேலே, நான் கீழே. பிள்ளைகள் படிப்புக்காக நான் போடியை விட்டு அசையவில்லை. அவர் லீவு நாளில் ஜீப்பில் இறங்கி வருவார், கறி எடுப்பார், தூங்குவார், மறுநாள் விடிவதற்குள் ஏறிவிடுவார். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி கூச்சமாகத்தான் இருப்பார். தண்ணீர் வேண்டும் என்றால்கூட என்னைக் கேட்க யோசிப்பார். அப்புறம் நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மலைக்குளிர் இனி ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அப்படித்தான், வயதான காலத்தில் எனக்கு முழுநேரப் புருஷன் கிடைத்தார்.

கிடைத்தவரை வைத்துக்கொள்ளத்தான் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீடு இரண்டு அறை. ஒன்றில் டிவி, ஒன்றில் கட்டில். அவர் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். “மூச்சு முட்டுதுத்தா” என்றார். மேலே குளிரில் முட்டியது, இங்கே சுவரில் முட்டியது. பையில் துணியை அடுக்கி வைத்துக்கொண்டு, ஜீப் நிற்கிற இடத்துக்குப் போவதும் நான் போய் இழுத்துக்கொண்டு வருவதுமாகக் கொஞ்ச நாள் எங்கள் தெருவுக்கு நல்ல வேடிக்கை. ஒருநாள் ஆத்திரத்தில் அவர் கையைப் பிடித்து நேராகத் தோப்புக்குள் கொண்டுபோய் நாவல் மரத்தடியில் உட்கார வைத்தேன். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது என்னிடம் பேசினார். மேலே யானை வந்த கதை, தோட்டத்துக்குள் வழி தவறிய கதை. எங்களுக்குக் கல்யாணமாகி அவர் இவ்வளவு நேரம் பேசி அன்றுதான் கேட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காபி குடித்ததும் தோப்பு. இந்த மனுஷன் கீழே தங்குவதும் தங்காததும் அந்த நிழலைப் பொறுத்தது என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊருக்குப் பிளான் வந்தது. மதுரை ரயில் திரும்ப ஓட ஆரம்பித்ததிலிருந்து போடி நாலாபக்கமும் வீங்கிக்கொண்டிருந்தது. சிலமலைக்குப் போகும் வழியெல்லாம் மனைக்கல். வளர்கிற ஊரில் எது பூங்கா, எது விளையாடுமிடம், எதைத் தொடாமல் இயற்கையாகவே விடுவது, எங்கே வண்டிகள் நிற்பது என்று அதிகாரிகள் முடிவு செய்யப்போகிறார்கள் என்றார்கள். எஸ்டேட் ஜீப்புகள் நிற்க ஒரு பெரிய ஸ்டாண்டு வேண்டும், அதற்கு இரண்டு இடம் பார்த்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே ஒரு பொட்டல், இல்லையென்றால் எங்கள் தோப்பு என்று கேள்விப்பட்டேன். தெருக்காரர்களைக் கூட்டினேன். கத்தினேன். கூட்டத்துக்கு வராதவர்கள் வீட்டுக்குப் போயும் கத்தினேன்.

முதலில் பார்வையிட ஒரு இளம் பெண் அதிகாரி வந்தார். வெயிலில் நடந்து வந்தவர், தோப்புக்குள் நுழைந்ததும் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“இங்க பூங்கான்னு எதையும் கட்டவே வேண்டாம்மா. இப்படியே விட்டாலே போதும். இவ்வளவு மரம் அடர்ந்து நிக்குற எடம் ஊருக்குள்ள வேற இல்ல. நான் அப்படித்தான் சொல்லப்போறேன். ஆனா பெரியவங்க நேர்ல வந்து பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க.”

எனக்குப் பாதி உயிர் வந்தது. அவர் போனதும் கணவரிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே தலையை ஆட்டினார்.

அந்தக் கோடையில் எனக்கு இடது கண்ணில் புரை முற்றி, மதுரையில் ஆபரேஷன் செய்துகொண்டு மகள் வீட்டில் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். அவரும் மேலே கொஞ்சம் ஏலக்காடு வைத்திருப்பவர்தான்.

“மதினி, பெரிய அதிகாரிக வர்றாங்களாம். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. அண்ணே எல்லாத்தையும் பாத்துக்கிறேன்னுட்டாரு.”

என் புருஷன் ஒரு பொதுக் காரியத்தை எடுத்துப் பார்க்கிறார் என்றதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன்.

ரயிலில் திரும்பி, ஸ்டேஷனில் ஆட்டோ பிடித்து, எங்கள் தெருவில் திரும்பியதும் எதிரே ஒரே வெளிச்சம். கண் புதிதல்லவா, எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன். வெளிச்சம் போகவில்லை. ஆபரேஷன் செய்த கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, மங்கலான மற்றக் கண்ணால் பார்த்தேன். அதிலும் வானம்தான் தெரிந்தது. தெருக்கோடியில் வானம் தெரியக் கூடாதே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன். மரங்கள் இருந்தன. ஒன்றையும் அடியோடு வெட்டவில்லை. ஆனால் எல்லா மரத்திலும் கீழிருந்து உச்சிவரை கிளைகளை இறக்கி, உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலை விட்டிருந்தது. மொட்டையடித்துக் குடுமி வைத்த மாதிரி நின்றன. தரையில் ஒரு சருகு இல்லை. ஓரத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தது. ஏலத்தோட்டத்திலிருந்து வந்த நாலைந்து மலையாட்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில், கையில் அரிவாளோடு, வேர்வை வழிய, என் கணவர்.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். அப்படியொரு சிரிப்பை நான் அவரிடம் பார்த்ததில்லை.

“எப்படித்தா இருக்கு?”

சுண்ணாம்பு காயாத ஒரு கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“என்னங்க செஞ்சு வச்சிருக்கீங்க?” என்று ஒருவழியாகக் கேட்டேன்.

“பெரிய ஆளுக வர்றாங்கல்ல? மேல மொதலாளி வர்றதுக்கு முந்தி இப்படித்தான செய்வோம். கெளைய எறக்கி, சருகக் கூட்டி, கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சு. அதுவும் மே மாசம். மழைக்கு முந்தி கவாத்து பண்ணி வெளிச்சம் குடுத்தாத்தான் கீழ உள்ளது பொழைக்கும்.”

“கீழ என்னங்க இருக்கு? ஏலச்செடியா இருக்கு?”

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். அந்த மண்ணை அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார். கீழே ஒன்றும் இல்லை. அவர் தினமும் உட்கார்ந்திருந்த இடம்தான் இருந்தது. அதில் வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது.

“ரெண்டு மழை விழட்டும். தழைச்சிரும்” என்றார், குரல் இறங்கி.

“மழை உங்க மலையிலதாங்க பெய்யும். இங்க ஆடி முடியிற வரைக்கும் வறண்ட மேல்காத்துதான அடிக்கும்!”

இதைவிடப் பெரிய அதிர்ச்சி தெருக்காரர்கள். ஒருவருக்கும் இது தப்பாகவே தெரியவில்லை. கயிறு கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். மலையாட்களுக்கு மோர் கொடுத்தது எதிர்வீடு. “இப்பத்தான் மதினி பாக்க ஒரு லட்சணமா இருக்கு” என்றார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாரும் ஏலக்காய் வீட்டு ஆட்கள். ஒன்று தோட்டம் இருக்கும், இல்லையென்றால் தோட்டத்தில் வேலை இருக்கும். மரம் என்றால் எங்கள் ஊருக்குச் செடிக்குக் குடை பிடிப்பது. வேண்டும்போது விரிக்கலாம், மே மாதம் மடக்கிவிடலாம். அந்த நிழலில் மனுஷனும் உட்காருவான் என்பது இவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. பாம்பு வரும் என்று பயந்தவர்களுக்கு இப்போது நிம்மதி வேறு. நான் மட்டும் பைத்தியக்காரி மாதிரி கல்லில் உட்கார்ந்து அழுதேன்.

பெரிய அதிகாரிகள் சொன்ன நாளில், நல்ல உச்சி வெயிலில் வந்தார்கள். காரிலிருந்து இறங்கியவர்கள் கையைப் புருவத்துக்கு மேலே வைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே நாலு எட்டு வைக்கக்கூட அவர்களுக்கு மனமில்லை. முன்பு வந்த பெண் அதிகாரி மரங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “என்னம்மா ஆச்சு?” என்று மெதுவாகக் கேட்டார். நான் என்ன சொல்வேன், என் வீட்டுக்காரர்தான் என்றா?

மூத்த அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணிடம், “அடர்ந்த மரம்னு சொன்னீங்க? கம்பம் நட்ட மாதிரில்ல இருக்கு. பரவாயில்ல, எடம் நல்லா சுத்தமா இருக்கு. ஸ்டாண்டுக்கு இதைவிட வசதியா கெடைக்காது” என்றார்.

என் கணவர் துண்டை இடுப்பில் கட்டி, முதலாளி முன்னால் நிற்பதுபோல ஓரமாக நின்றிருந்தார். ‘சுத்தமா இருக்கு’ என்பது மட்டும்தான் அவர் காதில் ஏறியிருக்க வேண்டும். முகம் மலர, இரண்டு கையையும் கூப்பி அவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

முடிவு வந்தபோது நகராட்சி ஆபீசில் போய்ப் பார்த்தேன். ஊர்ப்படத்தை வண்ணம் அடித்து மாட்டியிருந்தார்கள். முள்செடிகூட முளைக்காத அந்தப் பொட்டலுக்குப் பச்சை அடித்து ‘எதிர்காலப் பூங்கா’ என்று எழுதியிருந்தது. எங்கள் தோப்பு ஜீப் ஸ்டாண்டு. ஆட்சேபம் சொல்ல நாள் கொடுத்திருந்தார்கள். போனேன். கணவரும் தானாகவே கூட வந்தார். அதிகாரி முன்னால் நான் பேசி முடித்ததும், யாரிடமும் வாய் திறக்காத அந்த மனுஷன் முன்னால் வந்து, “அய்யா, அது நாஞ் செஞ்ச சோலி. மரத்து மேல குத்தமில்ல. தழைச்சிரும், அதுக்குள்ள எடத்தக் கொண்டுபோயிராதீங்க” என்றார். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். பார்த்த நிலவரத்தை வைத்து முடிவாகிவிட்டது, இனி மாற்றுவது கஷ்டம் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து நான் அவரை விட்டேனா? “காலமெல்லாம் மலையில இருந்து இதத்தான் கத்துக்கிட்டு வந்தீங்களா?” என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவர் சில நாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போனார். போன சுருக்கில் கண் சிவந்து திரும்பி வந்தார். மேல்காற்று மண்ணை வாரி வீடெல்லாம் இறைத்தது. ஒருநாள் வாசலில் நின்றபடியே, “இனி எங்கத்தா உக்கார்றது?” என்றார். மறுநாள் காலை ஜீப்பில் ஏறிவிட்டார். இந்த முறை நான் இழுத்து வரப் போகவில்லை. கோபம் அவ்வளவு. பழைய தோட்டத்திலேயே ஏலக்காய் காயப்போடும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், அங்கேயே தங்கிக்கொள்கிறார் என்று ஜீப்காரர்கள் சொன்னார்கள். மேலே போன் சரியாக எடுக்காது. எடுத்தாலும் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். தோப்பைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்தது. மரங்கள் தழைத்தன. நான் எதிர்பார்க்கவே இல்லை. கிளை இறக்கிய ஒவ்வொரு வெட்டிலிருந்தும் கொத்துக் கொத்தாகத் துளிர் வந்து, இலை சேர்ந்து, முன்னைவிட அடர்த்தியாகத் தோப்புக்குள் மறுபடி இருட்டு வந்தது. மரத்தைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் சரி. அந்த வாரத்தில்தான் எந்திரம் வந்தது. காலையில் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாவற்றையும் சாய்த்துவிட்டார்கள். தடுக்கப்போன என்னைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் பிடித்துக்கொண்டார். நாவல் விழுந்த சத்தத்தில் எங்கள் வீட்டுச் சன்னல் அதிர்ந்தது.

யாராவது ஜீப்காரர் அவரிடம் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும், சொல்லி, கையோடு கீழே கூட்டி வந்துவிட வேண்டும் என்று மறுநாளே மலை ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் வேலை பார்க்கிற இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை, அவரும் கூப்பிட்டதில்லை.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். மலைச்சரிவு முழுக்க, கண்ணுக்கெட்டிய தூரம்வரை, அதே மரங்கள். கிளை இறக்கி, உச்சியில் கொத்து விட்டு, நெட்டையாக. அவற்றின் கீழே ஆள் உயரத்துக்கு மேல் ஏலச்செடிகள் பனிமஞ்சு கோத்து ஈரமாக நின்றன. இலையைத் தொட்டால் கை சில்லிட்டது. நான் எதைப் பாழ் என்று நினைத்தேனோ அது இங்கே அழகாக இருந்தது. இதைத்தான், தனக்குத் தெரிந்ததில் மிகச் சிறந்ததை, எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து செய்து காட்டியிருக்கிறார் மனுஷன்.

அவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தார். வெகுவாக இளைத்திருந்தார். பேசுவதற்கு முன்னாலேயே மூச்சு விசிலடித்தது.

“என்னத்தா, சொல்லாம கொள்ளாம வந்துட்ட?”

டீ போட்டுக் கொடுத்தார். செடி செடியாகக் காட்டினார். நான் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் இருமல் வந்து அவரைக் குனிய வைத்தது. “வீட்டுக்கு வாங்க” என்று மட்டும் சொன்னேன். “பாப்போம்” என்றார். சாயங்காலம் போடிமெட்டுவரை கூட வந்து என்னை ஜீப்பில் ஏற்றினார். “வளைவுல வெரசா ஓட்டாதப்பு, வீட்ல பயப்படுவாக” என்று டிரைவரிடம் சொன்னார். அப்புறம் என் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“தோப்பு தழைச்சிருச்சா?”

வழியெல்லாம் நான் சொல்லிப் பார்த்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

“தழைச்சிருச்சுங்க” என்றேன். “முன்ன மாதிரியே இருட்டா இருக்கு.”

அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. “நாஞ் சொன்னேன்ல!” என்று கம்பியைத் தட்டினார். சிரிப்பில் இருமல் வந்தது, இருமலோடு சிரித்தார். “அப்ப இந்த வாரமே எறங்கி வந்துர்றேன்த்தா. இங்க குளுரு தாங்க முடியல. ஒங்கிட்ட சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு.”

ஜீப் நகர்ந்துவிட்டது. நிறுத்தச் சொல்லக் கம்பியைப் பிடித்து எழுந்தேன், மறுபடி உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். பையில் துணி அடுக்கப் போகிறவர், என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே நின்றார்.